உயிர்க் காலேஜுக்கு ஒரு பயணத் திட்டம்

சென்ற வாரம் வியாழக்கிழமை என் வீட்டுக்குப் பால் வரவில்லை. ஆறு மணிக்கு வரவேண்டிய பால் ஏழு மணிவரை வராததால், செம்பை எடுத்துக்கொண்டு பால்காரி கன்னியம்மாவின் வீட்டுக்கு நானே போனேன். மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள் என்னைப் பார்த்ததும் இறந்தவன் எழுந்து வந்ததைக் கண்டவள் போல விழித்தாள்.

“நீங்க மெட்ராஸுக்குப் பூட்டீங்கன்னு சொன்னாங்களே சார்.”

“ஞாயித்துக்கிழமதான் போறேன். அன்னைக்கு ஒருநாள் பால் வேண்டாம்னு சீட்டு எழுதிக் கொடுத்தேன்லா.”

“சீட்டு குடுத்தீங்க, அதான். ஒரு நாளிக்குப் பாலு வாணான்றதுக்கு யாரு சார் சீட்டு எழுதுவாங்க? எல்லாரும் போய்க்கினு கீறாங்க, நீங்களும் கெளம்பிட்டீங்கன்னு நெனச்சிக்கினேன். உங்க பால வாத்தியார் ஊட்டுக்கு ஊத்திட்டேன்.”

முப்பத்தைந்து வருஷம் கலெக்டர் கச்சேரியில் வேலை பார்த்து, குமாஸ்தாக்களுக்குத் தலைவனான சிரஸ்தாராக ஓய்வு பெற்ற எனக்கு, எழுத்தில் இல்லாத காரியம் நடக்காத காரியம். பால்காரிக்கு எழுதியதைப் போலவே பத்திரிகை போடுகிறவனுக்கும், வீட்டுக்காரருக்கும், வாசகசாலைக் காரியதரிசிக்கும் தனித்தனியே எழுதிக் கொடுத்திருந்தேன். ‘வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் சென்னைக்குச் செல்வதால் அன்று ஊரில் இருக்கமாட்டேன்.’ இதில் எந்தச் சொல்லுக்கு ‘இனி வரமாட்டேன்’ என்று பொருள் என எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான்கு பேரும் அப்படித்தான் படித்திருக்கிறார்கள்.

தென்பாண்டிச் சீமையிலும் சென்னையிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் எழுதுகிற அனுபவக் கட்டுரைகளை நானும் விரும்பிப் படிப்பவன். அவற்றில் கப்பல் இருக்கிறது, கடல் இருக்கிறது, கண்ணீரோடு கையசைக்கிற துறைமுகம் இருக்கிறது. என்னிடம் அப்படி எதுவும் இல்லை. பாளையங்கோட்டையில் படித்து முடித்த கையோடு, ஒரே மாகாணத்துக்குள் ஒரு நியமன உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரயிலேறிச் சித்தூருக்கு வந்தேன். இங்கேயே கல்யாணம், இங்கேயே மகள், இங்கேயே மனைவிக்குக் கொள்ளி. பணி முடிய இரண்டு வருஷம் இருக்கும்போது ஓர் அக்டோபர் மாதம் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. என் மேஜை நகரவில்லை, மைக்கூடு நகரவில்லை, மேலே தொங்கிய கடிகாரம் வழக்கம்போல நான்கு நிமிஷம் பிந்தியே ஓடிற்று. நான் மட்டும் வெளிநாட்டுக்குக் குடியேறியிருந்தேன். இப்படிக் குடியேறுகிறவன் எந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். அதற்குப் படிவம் இல்லை.

வேறொரு படிவம் வந்தது. எந்த ராஜ்யத்தில் பணிபுரிய விருப்பம் என்று கேட்டிருந்தார்கள். ‘சித்தூர் எந்த ராஜ்யத்தில் இருக்குமோ அந்த ராஜ்யம்’ என்று எழுதினேன். அது பதிலாகாது என்று குறிப்போடு திரும்பி வந்தது. அப்போது எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்தது. நிலுவையில் உள்ள விஷயத்தில் முந்திக்கொண்டு முடிவெடுப்பது நடைமுறைக்கு விரோதம் என்பது நான் கற்ற பாடம். அதனால் இருந்த இடத்திலேயே இருந்தேன். பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சித்தூர் இந்தப் பக்கம் நின்றது. என்னோடு வேலை பார்த்த தமிழர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். இப்போதெல்லாம் இந்தத் தெருவில் ஒரு தமிழன் வாசலில் டிரங்குப் பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்தால் போதும், வீடு காலி என்று அடுத்த குடித்தனக்காரர் வந்து நிற்கிறார்.

என் வீட்டுக்காரர் ரெட்டி மரியாதையான மனிதர். வியாழக்கிழமை சாயங்காலம் அவரே வந்தார். “எப்புடு வெள்தாரு சார்காரு?” என்றார். எப்போது போகிறேன் என்று கேட்கிறார். “ஆதிவாரம்” என்றேன். “மஞ்சிதி, மஞ்சி ரோஜு” என்று தலையசைத்தார். நல்ல நாள்தானாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். என்னைப்போல வாடகைக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள் என்று மனம்விட்டுச் சொன்னார். சென்னை மிருகக்காட்சிசாலையைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பப்போகிற ஒருவனிடம் இவ்வளவு உருக்கம் எதற்கு என்று யோசித்தேன். மறுநாள் காலை தச்சன் ஒருவன் வந்து என் ஜன்னலை முழம் போட்டு அளந்தபோது புரிந்தது. வீட்டைக் காலி செய்யவில்லை என்று ரெட்டிக்கு மறுபடியும் ஒரு சீட்டு எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முனிரத்தினம் வந்தான். பாலசமுத்திரத்துக்காரன். கச்சேரியில் இருபத்திரண்டு வருஷம் எனக்கு டவாலி சேவகனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் இன்று என்னைத் தேடி வருகிற ஒரே மனிதன். அன்று என்னைத் தேடி வரவில்லை; என் பீரோவைத் தேடி வந்தான்.

“வேற யார்கிட்டியும் சொல்றதுக்கு முன்ன எனக்குத்தான் சொல்லியிருக்கணும் சாரு. பீரோவ நான் எட்த்துக்கினு போறேன். உங்க ஞாபகமா இருக்கும்.”

“நான் எங்கயும் போகல முனிரத்தினம். மிருகக்காட்சிசாலையப் பாத்துட்டு அன்னைக்கே திரும்பிருவேன்.”

“இன்னாது, உயிர்க் காலேஜா?” இந்த வடக்குப் பக்கத்துத் தமிழர்கள் சென்னை மிருகக்காட்சிசாலைக்கு வைத்திருக்கும் பெயர் அது. செத்த உடல்களை வைத்திருக்கிற மியூசியம் செத்த காலேஜ். “அதுக்கா இவ்ளோ கடுதாசி? சிங்கத்துக்கும் ஒண்ணு எழுதிப் போட்டீங்களா, ஞாயித்துக்கிழம வரேன், குகையாண்ட இருன்னு?”

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பீரோவின் கதவை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, “கோமதிம்மாதான் அங்க இல்லியே சாரு. பம்பாய்க்குப் பூட்ச்சே. இப்ப போயி இன்னா பாக்கப் போறீங்க?” என்றான்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நாலைந்து வருஷம் பின்னால் போகவேண்டும்.

கோமதி என் ஒரே மகள். சித்தூரில் பிறந்தவள். வீட்டில் நானும் அவள் அம்மாவும் பேசியது பாளையங்கோட்டைத் தமிழ். அவள் தெருவில் கற்றுக்கொண்டு வந்தது ‘வந்துக்கினு போய்க்கினு’ தமிழ். ஐந்து வயதில் ஒருநாள் என்னை ‘நைனா’ என்று கூப்பிட்டாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் கோபித்துக்கொண்டு, ‘அப்பா’ என்று நூறு தரம் எழுதவைத்தேன். அவள் எழுதிக் காட்டிய தாளில் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்தும் போட்டேன். அதன் பிறகு அவள் தவறியதில்லை. சென்னையில் புரசைவாக்கத்தில் ஒரு நல்ல குடும்பத்தில் அவளைக் கொடுத்தேன். தலைப்பிரசவத்துக்குச் சித்தூர் வந்தாள். பெண் குழந்தை, உமா என்று பெயர் வைத்தோம். ஐந்தாம் மாதம் குழந்தையோடு புருஷன் வீட்டுக்குப் போனாள். அதுதான் அவள் இங்கே கடைசியாக வந்தது.

காரணம் என் சம்பந்தி. அவரும் என்னைப்போல ஓய்வு பெற்றவர்தான். அவர் வேலை பார்த்தது தணிக்கை அலுவலகத்தில். பிறர் எழுதிய கணக்கில் தப்பு கண்டுபிடித்தே தலை நரைத்தவர். எல்லைத் தகராறு சூடாக இருந்தபோது சித்தூர் தமிழர்களுடையது என்று ஒரு மகஜர் தயாரித்து, முதல் கையெழுத்து நான் போடவேண்டும் என்று எடுத்துக்கொண்டு வந்தார். பென்ஷன் வாங்குகிறவனுக்கும் நன்னடத்தை விதி உண்டு என்று விதியின் எண்ணைச் சொல்லி நான் கையெழுத்துப் போட மறுத்தேன். விதி உண்மை. ஆனால் காரணம் அது அல்ல. கையெழுத்துப் போட்ட பிறகும் இதே தெருவில்தான் நான் பால் வாங்க வேண்டும், இதே ரெட்டிதான் எனக்கு வீட்டுக்காரர். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் விதியைச் சொன்னேன். சம்பந்தி மகஜரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சித்தூர் எங்க பக்கம் வந்தப்புறம் பெண்ணை அனுப்பறேன். அதுவரைக்கும் அந்நிய ராஜ்யத்துக்கு என் மருமகள் வரமாட்டாள்” என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தூர் போகவில்லை. கோமதியும் வரவில்லை.

இடையில் பேத்திக்கு முடியிறக்கத் திருமலைக்கு வந்து போனார்கள். திருமலையும் ஆந்திராவில்தான் இருக்கிறது; பெருமாளுக்கு மட்டும் சம்பந்தி விலக்கு அளித்திருந்தார். வைபவம் இனிதே நடந்தது என்கிற கார்டு எல்லாம் முடிந்த மறுநாள் எனக்குக் கிடைத்தது. அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள் என்று தெரிந்தே நான் ரயிலேறித் திருப்பதிக்குப் போனேன். அலிபிரியில் மலையேறும் படிக்கட்டுக்குக் கீழே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள் நூற்றுக்கணக்கில் தோள்களில் இறங்கி வந்துகொண்டிருந்தன. எல்லாத் தலையும் ஒரே தலையாக இருந்தது. ஒரு தெலுங்குக்காரி என்னை வழி தப்பிப்போன கிழவன் என்று நினைத்து, கையில் பாதி லட்டை வைத்துவிட்டுப் போனாள்.

மகளைப் பார்க்க வேண்டுமென்றால் போய்ப் பார்ப்பதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு போன சம்பந்தி வீட்டு வாசற்படியை, அவர் அழைக்காமல் பெண்ணின் தகப்பன் மிதிக்க முடியாது. மிதித்தால் அதற்கான பேச்சு அவனுக்கு விழாது, அவன் பெண்ணுக்கு விழும். பெண்ணுக்கு நேராகக் கடிதம் எழுதுவதும் கிடையாது. மாமனாருக்கு எழுதி, கடைசி வரியில் ‘சௌபாக்கியவதி கோமதிக்கு ஆசி’ என்று சேர்ப்பதுதான் முறை. கச்சேரியில் இதைத்தான் ‘த்ரூ புராப்பர் சேனல்’ என்போம். எனக்கு அதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும்.

போன வருஷம் பொங்கலுக்குச் சம்பந்தி எழுதிய வாழ்த்துக் கார்டின் ஓரத்தில் கோமதி இரண்டு வரி எழுத இடம் கிடைத்திருந்தது. ‘உமா யானை பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போகவேண்டும்.’ அந்த இரண்டு வரியை ஒரு வாரம் படித்தேன். பிறகுதான் வழி தெரிந்தது. மிருகக்காட்சிசாலை சம்பந்தியின் வீடு அல்ல, என் வீடும் அல்ல. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. தகப்பன் யானை பார்க்க வரலாம், மகளும் யானை பார்க்க வரலாம், இருவரும் ஒரே யானையைப் பார்க்கலாம்.

எடுத்த காரியத்தை முறைப்படி செய்தேன். திறக்கும் நேரம், மூடும் நேரம், வாரத்தில் விடுமுறை உண்டா, வெளியிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டை எங்கே உண்ணலாம் என்று மிருகக்காட்சிசாலைக்கு எழுதிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது. சாப்பிடப் பறவைக் கூண்டுக்கு எதிரே நிழலில் பெஞ்சு இருக்கிறதாம். ரயில் அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு டூர் புரோகிராம் தயாரித்தேன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் கலெக்டர்களுக்கு எத்தனையோ தயாரித்துக் கொடுத்தவன். அவற்றில் ஒன்றுகூட இவ்வளவு அழகாக அமைந்ததில்லை. ‘மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை 10.40: சென்ட்ரல் சேர்தல். 10.55: மிருகக்காட்சிசாலை வாசல். 11.00 முதல் 12.30 வரை: யானை, சிங்கம், புலி, கரடி. 12.30 முதல் 1.30 வரை: பறவைக் கூண்டுக்கு எதிரே பெஞ்சில் பகல் உணவு. 1.30 முதல் 3.30 வரை: குரங்கு, மான், பாம்பு. 3.45: வாசலில் பிரிதல்.’ பிரிதலுக்கு எத்தனை நிமிஷம் என்று போடவில்லை. இதன் நகலைச் சம்பந்திக்கு அனுப்பி, கோமதியையும் உமாவையும் அன்று அனுப்பிவைக்கத் தங்கள் சம்மதத்தைக் கோருகிறேன் என்று கேட்டிருந்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. சம்மதம் அல்ல, ஆட்சேபணைகள். நான்கு. ஒன்று, யானையைப் பார்க்க ஒதுக்கியுள்ள நேரம் போதுமென்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. இரண்டு, பகல் உணவை எந்த வீட்டார் கொண்டுவருவது என்று குறிப்பிடப்படவில்லை. மூன்று, மழை பெய்தால் மாற்று ஏற்பாடு என்ன. நான்கு, இவர் எந்த ராஜ்யத்துத் தாத்தா என்று குழந்தை கேட்டால் சொல்லவேண்டிய பதிலைத் தாங்களே தெரிவிக்கவும்.

நான்காவதைப் படித்து நான் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு உற்சாகமாக நான் இருந்ததில்லை. ஆட்சேபணைக்கு விளக்கம் எழுதுவது என் தொழில். யானைக்கு இருபது நிமிஷம் கூட்டினேன். உணவை நான் கொண்டுவருவதாக எழுதினேன். மழைக்குப் பாம்பு வீட்டின் கூரையைக் காட்டினேன். நான்காவதற்கு ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று மட்டும் எழுதினேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் விளக்கினேன். தினமும் தபால்காரனை எதிர்பார்த்து வாசலுக்கு வருவேன். இரண்டு கிழவர்கள், வேலையில்லாதவர்கள், ஒரு யானையை நடுவில் நிறுத்திவைத்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தோம். அவருக்கும் அதில் சந்தோஷம் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

இதற்கிடையே நான் குறித்திருந்த இரண்டாம் ஞாயிறு வந்தது. சம்மதம் வரவில்லை. ஒப்புதல் கிடைக்காத புரோகிராம் வெறும் காகிதம். யாரும் அதை நம்பிப் பயணம் போகமாட்டார்கள். அன்று நான் வீட்டில் உட்கார்ந்து சம்பந்திக்கு ரிமைண்டர் எழுதினேன். சிவப்பு மையில் ‘அவசரம்’ என்று மேலே எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். மத்தியானம் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அந்த நாளைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து வந்த கடைசிக் கார்டு சிறியது. மாப்பிள்ளைக்குப் பம்பாய்க்கு மாற்றலாகிவிட்டது. குடும்பத்தோடு வருகிற புதன்கிழமை பகல் வண்டியில் புறப்படுகிறார். ஆகவே மேற்படி விஷயம் முடிந்துவிட்டதாகக் கருதலாம்.

பம்பாய் வண்டி ரேணிகுண்டா வழியாகத்தான் போகிறது. அதற்குச் சம்பந்தியின் சம்மதம் தேவையில்லை. புதன்கிழமை காலையிலேயே சித்தூரில் சின்னப் பாதை வண்டி ஏறி, பாகாலா, திருப்பதி கடந்து ரேணிகுண்டாவில் இறங்கினேன். எந்தப் பெட்டி என்று தெரியாததால் பிளாட்பாரத்தின் நடுவில் நின்றேன். வண்டி வந்ததும் முன்னால் ஓடுவதா பின்னால் ஓடுவதா என்று திகைத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“நைனா.”

நான் திரும்பவில்லை. ரேணிகுண்டாவில் யார் வேண்டுமானாலும் யாரையும் அப்படிக் கூப்பிடலாம். மறுபடியும் கேட்டது. மூன்றாம் வகுப்பு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கோமதி இருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை என்னைக் கும்பிட்டுவிட்டு, எங்களைத் தனியே விட நினைத்தவராகக் கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். நல்ல பிள்ளை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். முதலாவதைத் தொடங்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அன்னிக்கு ஏன் வரல?” என்றாள்.

“என்னைக்கு?”

“ரெண்டாவது ஞாயித்துக்கிழமன்னு எழுதியிருந்தீங்களே. மாமா மேஜ மேல இருந்துச்சு, பாத்துக்கினேன். கோயிலுக்குன்னு சொல்லிட்டு நானும் உமாவும் பத்து மணிக்கே உயிர்க் காலேஜுக்குப் பூட்டோம். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னோம். வண்டி லேட்டா இருக்கும்னு உள்ள போயி யான கிட்ட நின்னோம். அங்கயும் காணோம். சரி, பன்னெண்டரைக்குப் பறவக் கூண்டுக்கு எதிர்லன்னு இருந்துச்சேன்னு அந்தப் பெஞ்சுல போயி உக்காந்துக்கினோம்.”

“எவ்வளவு நேரம்?”

“மூடுற மணி அடிச்சாங்க.”

“உங்க மாமா இன்னும் சம்மதம் எழுதலம்மா. அதனாலதான் நான்...” அந்த வாக்கியத்தை விட்டு வேறொன்றுக்குத் தாவினேன். “வரேன்னு நீ ஒரு வரி போட்டிருக்கலாமே.”

“எதுக்கு? நீங்க எழுதிட்டீங்களே. நீங்க எழுதினது நடக்காம இருந்ததே இல்லியே.”

குற்றம் சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. மழை கிழக்கிலிருந்து வரும் என்பதைப் போலச் சொன்னாள். அவள் மடியிலிருந்து உமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது. என் மனைவியின் நெற்றி. அம்மாவின் முகவாயைத் திருப்பி, “வரேன்னுட்டு வரலியே, அந்தத் தாத்தாவாம்மா இவரு?” என்று கேட்டாள். எந்த ராஜ்யத்துத் தாத்தா என்று அவள் கேட்கவில்லை. கோமதி, “ஆமா, அவருதான்” என்றாள்.

மாப்பிள்ளை கூஜாவோடு ஓடிவந்தார். ஜன்னலுக்குள் கையை நீட்டி உமாவின் தலையில் வைத்தேன். வண்டி நகர்ந்து என் கையை எனக்கே திருப்பிக் கொடுத்தது.

இதையெல்லாம் முனிரத்தினத்திடம் சொல்லவில்லை. “யானை பாக்கணும்னு இருக்கு” என்றேன். அவன் நம்பவில்லை, இருந்தாலும் “பத்திரமா போயிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பீரோ இல்லாமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் வண்டி மாறி, பத்து நாற்பதுக்கு வரவேண்டிய வண்டியில் பத்து ஐம்பதுக்குச் சென்ட்ரல் சேர்ந்தேன். பழைய புரோகிராமையே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதை ரத்துசெய்து யாரும் உத்தரவு போடவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். யானைக்கு முன்னால் நின்றேன். அது வைக்கோலைத் தூக்கித் தன் முதுகிலேயே போட்டுக்கொண்டிருந்தது. என்னைச் சுற்றிலும் தமிழ். தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தப்பான விலங்குக்குச் சரியான பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் எல்லோர் பேச்சும் காதில் விழுந்தவுடன் புரிந்தது. யாரும் என்னிடம் பேசாததால் அது பயன்படவில்லை.

பன்னிரண்டரைக்குப் பறவைக் கூண்டுக்கு எதிரே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். ஒன்றரைக்குக் குரங்குக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கோமதி எவ்வளவு நேரம் இருந்தாளோ அவ்வளவு நேரம் இருப்பது என்றுதான் வந்திருந்தேன். பெஞ்சு நிழலில் இருப்பதாக எனக்கு எழுதியிருந்தார்கள். மூன்று மணிக்குமேல் வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. நான்கு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எந்தப் பக்கம் நகர்ந்திருப்பாள் என்று பார்த்தேன். நகர இடமில்லை.

நான்கு மணிக்கு வாளியில் மீனோடு ஒரு பணியாள் வந்து கூண்டுக்குள் நாரைகளுக்கு வீசினான். வேலை முடிந்ததும் என்னிடம் வந்து நின்றான்.

“மத்தியானத்துலேந்து இங்கியே குந்திக்கினு இருக்கீங்களே, எந்த ஊரு பெரியவரே?”

“சித்தூர்.”

“ஆந்திராவா? தமிழ் நல்லாப் பேசுறீங்களே.”

பாளையங்கோட்டை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, “பழக்கம்தான்” என்றேன்.

“யாருக்குனா காத்துக்கினு இருக்கீங்களா?”

“ஆமா.”

“வரலியா?”

“அவங்க வந்துட்டுப் போயிட்டாங்க.”

அவன் புரிந்ததைப் போலத் தலையசைத்தான். கூண்டின் கம்பிவலைக்கு மேலே, வெளிப்பக்கம், ஒரு வெள்ளைக் கொக்கு நின்றிருந்தது. அது எப்படி வெளியே வந்தது என்று கேட்டேன். “அது நம்ம லிஸ்ட்ல இல்ல சார். வெளிலேந்து வந்தது. மீன் போடுற நேரத்துக்கு வந்துரும். செதறுனதத் துன்னுட்டு அங்கியே நின்னுக்கினு இருக்கும். உள்ள உடலாம்னு ஒரு நாளு கதவத் தொறந்து வெச்சேன், உள்ளயும் வரல. தொரத்திப் பாத்தேன், போவவும் இல்ல.” வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் போனான்.

ஐந்தரைக்கு மூடும் மணி அடித்தார்கள். ஜனங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள். கூண்டுக்குள் நாரைகள் ஒவ்வொன்றாக மரக்கிளைக்கு ஏறின. சென்ட்ரல் பக்கம் ஒரு வண்டி ஊதியது. கொக்கு வலைமேல் ஒற்றைக் காலை மடித்துக்கொண்டு, கீழே உள்ளவற்றை ஒருமுறையும் மேலே உள்ளதை ஒருமுறையும் பார்த்தது. நான் பெஞ்சைவிட்டு எழுந்து நின்று, அது எந்தப் பக்கம் போகிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போகவில்லை.